விசில்காரியின் வீட்டு மூடி

அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எப்போது மக்கர் பண்ணும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காலையில் பால் வாங்கப் போகும்போது காதைத் தீட்டிக்கொண்டே நடப்பாள். மாடி வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதற்கு முன் இரண்டு தடவை இருமினால் கேஸ்கட் காய்ந்துவிட்டது. மூலை வீட்டுக் குக்கர் மூக்கால் அழுதால் வெயிட் உட்காரும் குழாயில் அழுக்கு. வாத்தியார் வீட்டிலிருந்து ஒரே மூச்சில் பதினோரு விசில் வந்தால் குக்கரில் ஒரு கோளாறும் இல்லை. வாத்தியாரம்மா ஊரில் இல்லை, வாத்தியார் சமைக்கிறார்.

இதனால் அவளுக்கு விசில்காரி என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோயிற்று.

"என்ன விசிலு, எங்க வீட்டுக் குக்கர் எப்படி இருக்கு?" என்று பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்.

"இன்னும் ஒரு மாசம் தாங்கும்ண்ணே. அதுக்குள்ள ரப்பர மாத்திருங்க. இல்லன்னா அண்ணி உங்கள மாத்திருவாங்க."

பாத்திரக்கடை வாசலில் இருபது வருஷமாகக் குக்கர் ரிப்பேர் பார்க்கிறாள். ஒரு மர பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் பம்பு, நாலைந்து ஸ்பேனர். தலைக்கு மேல் ஆணி வரிசையில் கேஸ்கட்டுகள் வளையல் கடை மாதிரித் தொங்கும். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து தட்டிப்போன பிறகு, இந்தப் பெஞ்சுதான் அவளுக்கு எல்லாம். வீட்டில் அக்கா. அக்காவுடைய புருஷன் இறந்த வருஷத்திலிருந்து இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பாள், சமைப்பாள். அக்காவுக்கு ஒரே மகள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், வயிற்றில் எட்டு மாதம்.

வேலையில் விசில்காரிக்கு ஒரு முறை உண்டு. மூடி கசிகிறது என்று குக்கர் வந்தால் குத்துமதிப்பாக ஒன்றும் சொல்ல மாட்டாள். முதலில் சேஃப்டி வால்வைக் கழற்றி ஒரு டம்ளரில் போடுவாள். அந்த ஓட்டையில் ஒரு பித்தளை போல்ட்டை முடுக்குவாள். அதற்கு டம்மி என்று பெயர். பிறகு குக்கரை மூடி, விசில் குழாயில் பம்பை மாட்டிக் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பாள். வால்வு வழியாகக் காற்று போக முடியாதல்லவா, அப்படியும் குமிழி வந்தால் கேஸ்கட்தான் குற்றவாளி. சோதனை முடிந்ததும் டம்மியை எடுத்துவிட்டு வால்வைத் திரும்பப் போட்டாக வேண்டும். ஆவி அளவுக்கு மேல் ஏறும்போது தானே உருகி வழிவிடுவது சுண்டைக்காய் அளவுள்ள அந்த வால்வுதான். அதன் இடத்தில் டம்மி இருந்தால் அடுப்பின் மேல் இருப்பது குக்கர் இல்லை, குண்டு. மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு டம்மியின் கழுத்திலும் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பாள். வாடிக்கையாளர் மூடிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, சீட்டு நம்பர் எழுதிய டம்ளரில் அந்தந்த வால்வு. இருபது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் மூடியில்கூட டம்மி தங்கியதில்லை.

ஏழு மாதமாக வேலையோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது.

"ஆவி அடங்குறதுக்கு முன்னாடி திறந்துறாத கண்ணு," என்று மாடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம் போன வாரம்கூடச் சொன்னாள். "எங்க அக்கா அப்படித்தான் அவசரப்பட்டுட்டாங்க. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு."

"ஐயையோ, உங்க வீட்டுலயேவாக்கா?"

"எங்க வீட்டுலயேதான்."

அந்தக் கடைசிப் பதிலில் மட்டும் பொய் இல்லை.

நடந்தது இதுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் வீட்டுக் குக்கர் மூடி ஓரத்தில் கசிந்தது. ஒருநாள் அதைக் கடைக்கு எடுத்துப் போனாள். அன்றைக்கு ஏகப்பட்ட கூட்டம். சிவப்பு நூல் கட்டிய டம்மிகள் எல்லாம் வேறு மூடிகளில் மாட்டியிருந்தன. டப்பாவின் அடியில் நூல் இல்லாத டம்மி ஒன்று கிடந்தது. நம் வீட்டு மூடிதானே என்று அதைப் போட்டுச் சோதித்தாள். நம் வீட்டு மூடிதானே என்று சீட்டும் போடவில்லை. கேஸ்கட்டை மாற்றி, கடை சாத்தும் அவசரத்தில் மூடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வால்வு டம்ளரிலேயே தங்கிவிட்டது. இரண்டரை வாரம் அந்த டம்ளர் அவள் கண்ணெதிரே இருந்தது. யாரோ ஒருவர் புது வால்வு போட்டுக்கொண்டு பழையதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், வந்தால் கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரை வாரம் அக்கா அந்த மூடியில்தான் சமைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் மீனும் உருளைக்கிழங்கும் தக்காளியும் சேர்த்துக் குக்கரில் வைத்தாள். தங்கச்சி பசியோடு வருவாள் என்று கிழங்கை வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டிருந்தாள். விசில் பாதி சீறி நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. கொதி மேலே பொங்கி, தக்காளித் தோல் விசில் குழாயை உள்ளிருந்து அடைத்துவிட்டது. சரியான வால்வு இருந்திருந்தால் சீறிக்கொண்டு கூரையில் தெளித்து, சமையல் பாழானதோடு போயிருக்கும். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு வெயிட்டைத் தூக்கிப் பார்த்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தமும் இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று கைப்பிடியைத் திருப்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது அக்காவால் பேச முடியவில்லை. விசில்காரிதான் சொன்னாள்: "ஆவி அடங்கல டாக்டர். அவசரப்பட்டுத் திறந்துட்டாங்க." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, "எத்தன தடவ சொல்லியிருக்கேன் உனக்கு," என்று கடிந்தும் கொண்டாள். அப்போது அது பொய் இல்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையைத் துடைக்கும்போது அலமாரிக்கு அடியிலிருந்து மூடியை இழுத்தாள். தூக்கிப் பார்த்தாள். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை போல்ட் பளபளவென்று அவளைப் பார்த்தது. சாயங்காலம் நிஜமாக இருந்தது ராத்திரி பொய்யாயிற்று.

மறுநாள் காலையில் கடைக்குப் போய் டம்ளரிலிருந்த வால்வை எடுத்து வந்து மாட்டினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்கு வரட்டும், சொல்லலாம் என்று இருந்தாள். வந்தாள். கட்டுப் பிரிக்கட்டும் என்று இருந்தாள். பிரித்தார்கள். அதற்குள் அந்தத் தெருவே அக்காவுக்கு அறிவுரை சொல்லி முடித்திருந்தது. "அப்படி என்ன தலை போற அவசரம் உனக்கு?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. அக்கா ஒவ்வொருவரிடமும் தலையாட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது இருந்த இடத்தில் இருக்காது, நாளுக்கு நாள் கனக்கும் என்று விசில்காரிக்கு அப்போதுதான் புரிந்தது. தூக்கம் வராத நேரங்களில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள்: கிழங்கை அளவுக்கு மேல் போட்டது அக்காதானே. அது நிஜம்தான். நிஜமாக இருந்தும் அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்க முடிந்ததில்லை.

அக்காவின் வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுக்கிறது. மூன்று விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. காலர் தைக்க முடியாமல் இப்போது பாவாடை ஓரம், தலையணை உறை என்று நேர்த் தையலாகத் தைக்கிறாள். சமையலறைக்குள் கால் வைப்பதில்லை. கதவு நிலைக்கு வெளியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காய் நறுக்கித் தருவாள். உள்ளே விசில் அடித்தால் வலக்கையை எடுத்து மடியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்கே அது தெரியாது. தங்கைக்குத் தெரியும்.

ஒரு விடுமுறை நாளன்று காலையில் அக்காவே சொன்னாள்: "மீனும் கிழங்கும் சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு. இன்னைக்கு வையேன்."

ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தச் சமையலைப் பற்றிப் பேசியதில்லை. விசில்காரி பையை எடுத்துக்கொண்டு போய் மீன் வாங்கி வந்தாள். முள் குறைவான மீன், விரல்கடைத் தடிமனுக்கு ஆறு துண்டு. கழுவி, உப்பும் மிளகுத்தூளும் தடவித் தட்டில் வைத்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மகளிடமிருந்து போன் வந்தது. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு எங்கே போகிறது என்பது அவள் குரல் இறங்குவதிலேயே தெரிந்தது.

"இல்லம்மா. நான் வந்து என்ன செய்யப்போறேன். கொழந்தைக்கு வெந்நீர் ஊத்தணும், பாலக் காய்ச்சணும். என் கை நிதானந்தான் ஊருக்கே தெரியுமே... நீ அழுவாத. அழுதா எனக்கும் கஷ்டமா இருக்கும்ல... இல்ல, வேணாம். வேற ஆள் வச்சுக்கோ."

வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் விசில்காரியின் நெஞ்சில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அது நிம்மதி. அக்கா போக மாட்டாள், வீடு காலியாகாது. அது நிம்மதிதான் என்று புரிந்த உடனே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா போனை நீட்டினாள். "நீயே சொல்லு அவகிட்ட. சித்தி சொன்னா கேப்பா."

"சித்தி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காம சொல்லுங்க," என்றாள் மகள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மா கை நெசமாவே அவ்ளோ நிதானமில்லாம இருக்கா? இல்ல சும்மா பயப்படுறாங்களா? கூடவே இருக்கறது நீங்கதான். குக்கரப் பத்தி உங்களுக்குத் தெரியாததும் இல்ல. அம்மா மேல தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், அவங்கள நான் சமாதானப்படுத்திக் கூட்டிக்குவேன்."

"அடுப்புல வேலையா இருக்கேன்டா. முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

அடுப்பை இன்னும் பற்றவைக்கக்கூட இல்லை.

"ஏழு மணிக்குள்ள கூப்பிடுங்க சித்தி. கொழந்தையப் பாத்துக்க ஒரு அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்குச் சொல்லலேன்னா வேற வீட்டுக்குப் போயிருவாங்க."

போனை வைத்துவிட்டு அவள் குக்கரை எடுத்தாள். அக்கா மேஜையில் கிழங்கு சீவத் தொடங்கியிருந்தாள். கத்தி இடக்கையில், கிழங்கு மடங்காத வலக்கையில். தோலோடு பாதிக் கிழங்கும் சேர்ந்து விழுந்தது.

"எதச் சமைக்கறது, தோலையா கெழங்கையா?" என்றாள் விசில்காரி. ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"ரெண்டையும் தனித்தனியா வை. எது ருசியா இருக்கோ அத நீ தின்னு."

கிழங்கை வட்டமாக நறுக்கி வாங்கிக்கொண்டாள். குக்கரில் எண்ணெய் ஊற்றி வெங்காயத்தையும் நாலு பல் பூண்டையும் வதக்கி, கிழங்கைப் பரப்பி, உப்புப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டாள். தக்காளி போடவில்லை. கிழங்குக்கு இரண்டு விசில். பிறகு ஆவியை விட்டுத் திறந்து, மீனை மேலே அடுக்கி, வெயிட் போடாமல் மூடிச் சின்னத் தணலில் ஆறு நிமிஷம். மீனுக்கு விசில் ஆகாது. ஒரு விசில் வந்தால் மீன் கரைந்து முள்தான் தட்டுக்கு வரும். இதெல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். வெகுநாள் இப்படித்தான் அக்கா சமைத்தாள். தங்கச்சி கடையிலிருந்து வர நேரமாகிறது, வந்ததும் சூடாக இருக்கட்டும் என்பதற்காகப் பிற்பாடு எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்து அரை விசிலில் இறக்கப் பழகிக்கொண்டாள்.

மூடியை மாட்டுவதற்கு முன் விசில்காரி விசில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். வால்வை விரலால் தடவினாள். ஏழு மாதமாக ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். முதுகைக் காட்டி நின்றுகொண்டு செய்வாள்.

"என்னடி, குக்கருக்கு ஜோசியம் பாக்குறியா?" என்றது மேஜையிலிருந்து குரல்.

அவள் வெயிட்டைப் போட்டாள்.

முதல் விசில் வருவதற்குள் அக்கா தோலையெல்லாம் கூட்டிக் காகிதத்தில் கட்டினாள். கட்டிக்கொண்டே தனக்குத் தானே பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்:

"நான் அன்னைக்கு எதுக்கு அவசரப்பட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பத்து நிமிஷம் பொறுத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். கடிகாரத்தக்கூடப் பாத்தேன். வெயிட்டத் தூக்கினேன், சத்தம் வரல. இப்படித்தான் ஞாபகம் இருக்கு. ஆனா அப்படி நடந்திருக்க முடியாதுல்ல. பொறுத்திருந்தா எப்படி வெடிக்கும். அப்போ நானா மனசுக்குள்ள கதை கட்டியிருக்கேன். அதுதான் பயமா இருக்கு. கையக்கூட விடு. செஞ்சதுக்கும் செய்யாததுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்திகிட்ட பச்சக்கொழந்தைய எப்படிக் குடுக்கறது?"

முதல் விசில் அடித்தது. அக்காவின் கை மடிக்குப் போயிற்று.

விசில்காரி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கை போனதைச் சுமந்திருந்தாள், காலர் தையல் போனதைச் சுமந்திருந்தாள். அக்கா தன் ஞாபகத்தையே பொய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது.

"நீ பொறுத்துத்தான் இருந்த," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்ன?"

"பத்து நிமிஷம் பொறுத்துத்தான் இருந்த. உன் ஞாபகம் சரி."

"நீ வீட்டுலயே இல்லையே. உனக்கெப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் சொன்னது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கூட்டம், நூல் இல்லாத டம்மி, டம்ளரில் கிடந்த வால்வு, குழாயை அடைத்த தக்காளித் தோல், அலமாரிக்கு அடியில் மூடி. நடுவில் இரண்டாவது விசில் அடித்தது. மூன்றாவது அடித்தது. யாரும் எண்ணவில்லை. டம்மி என்றால் என்ன என்று அக்காவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு நூலைக் கொடுத்ததே அக்காதான். தையல் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த நூல்கண்டிலிருந்து.

சொல்லி முடித்தபோது அக்கா எழுந்து நிலைப்படிக்கு வந்திருந்தாள்.

"ரெண்டரை வாரம் அதுலயே சமைச்சேன்?"

"ஆமா."

"ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டச் சொன்னியே, அப்ப உனக்குத் தெரியுமா?"

"அப்பத் தெரியாதுக்கா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே."

"ராத்திரியே," என்று அக்கா திருப்பிச் சொன்னாள். "எனக்கு சோறு ஊட்டுனியே ஒரு மாசம். தலை பின்னி விட்ட. அப்பல்லாம் தெரியும்."

"தெரியும்."

"கடையில வர்றவங்ககிட்ட சொல்லுவியாமே. அவசரப்பட்டா எங்க அக்கா கதிதான்னு. மாடி வீட்டுப் பொண்ணு வந்து எங்கிட்டச் சொன்னா. நான் நல்லதுன்னேன். நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன்டி நான்."

மன்னிச்சிரு என்ற சொல் விசில்காரியின் வாய்க்குள் இருந்தது. அந்த இடத்தில் அதைச் சொல்வது, ஆளைத் தள்ளிவிட்டுக் கைகுலுக்கப் போவது மாதிரி இருந்தது. "கெழங்கு கொஞ்சம் அதிகமாப் போட்டிருந்த" என்று ஏழு மாதமாகப் பத்திரமாக வைத்திருந்த வாக்கியமும் வாய்க்குள்தான் இருந்தது. அதை விழுங்கினாள்.

குக்கர் மறுபடியும் அடித்தது. ஆறாவதோ ஏழாவதோ.

அக்கா உள்ளே வந்தாள். ஏழு மாதத்தில் முதல் முறை. வந்த வேகத்தில் அடுப்பை அணைத்தாள்.

"நகரு."

"அக்கா, நான் திறக்கறேன். சூடா—"

"நகருன்னு சொன்னேன். வெளிய போய் நில்லு."

விசில்காரி நிலைக்கு வெளியே போய் நின்றாள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்காரவில்லை, எதையும் எடுத்து வைக்கவில்லை, கடிகாரத்துக்கும் குக்கருக்குமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டில் ஒரு குழாய் திறந்து மூடியது. பத்து நிமிஷம் இவ்வளவு நீளமானது என்று அவர்கள் இருவருக்குமே தெரிந்திருக்காது. பிறகு அக்கா ஒரு கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கினாள். உஸ் என்று கடைசி ஆவி கொஞ்சம் வந்து அடங்கியது. அவள் இன்னும் காத்திருந்தாள். மறுபடியும் தூக்கினாள். பிறகு மடங்காத மூன்று விரலையும் கட்டைவிரலையும் கைப்பிடியில் போட்டுத் திருப்பினாள். மூடி வந்துவிட்டது.

கிழங்கு கரைந்து கூழாகியிருந்தது. அக்கா கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "போஸ்டர் ஒட்டலாம் போல இருக்கு," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மிளகுத்தூள் இன்னும் கொஞ்சம் போட்டு, மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கூழின் மேல் வைத்து, வெயிட் இல்லாமல் மூடி அடுப்பைச் சின்னதாக வைத்தாள். ஆறாவது நிமிஷம் சரியாக இறக்கினாள்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"நான் வர்றேன்... ஆமா, நெசமாத்தான். அந்தம்மாகிட்ட வேணாம்னு சொல்லிரு... கைக்கு என்ன, கை இருக்கு. வெந்நீரெல்லாம் நான் பாத்துக்குவேன். முன்னாடியே வந்துர்றேன், ரெண்டு வாரத்துல... சித்தியா?" விசில்காரி நிலையில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்க்காமல், போனை இடக்காதுக்கு மாற்றினாள். "சித்தி சொன்னா. என் மேல தப்பில்லன்னு. எப்படின்னு அவளையே கேளு, இன்னைக்கு வேணாம், நாளைக்குக் கேளு. அவ சொல்லுவா."

சொல்லுவாயா என்று அக்கா கேட்கவில்லை. அது கேள்வியில்லை என்று விசில்காரிக்கும் தெரிந்தது.

இருவரும் மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீன் நன்றாகவே வந்திருந்தது. துண்டு துண்டாக, உடையாமல், உள்ளே வெள்ளையாக. கிழங்கு மட்டும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அக்கா இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கலாம் என்று நினைத்த விசில்காரி, மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினாள். நாளைக்குக் காலையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தாள். மாடி வீட்டுப் பெண்ணிடம்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு யார் மூடி கொண்டுவருவார்கள் என்பது வேறு விஷயம். வராதவர்கள் வராமல் இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்து அவள் தட்டுகளை எடுத்தபோது, அக்கா கை கழுவிவிட்டு வந்து அலமாரியைத் திறந்து துணிகளைப் பார்க்கத் தொடங்கினாள். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று இரண்டு குவியல்.

"டிக்கெட் நாளைக்குப் போட்டுரு," என்றாள் அலமாரிக்குள் தலையை விட்டபடி.

"சரிக்கா. எத்தன?"

"ஒண்ணு."

தட்டுகளைப் பிடித்துக்கொண்டு விசில்காரி நின்றாள். "திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போட்டுறவா?"

ஒரு புடவையை உதறி, மடித்து, இரண்டு குவியலில் எதில் வைப்பது என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள் அக்கா.

"போறதுக்கு மட்டும் போடு," என்றாள்.